பால்குடி நாளில் கொடுத்தது பருவத்தில் தெரியும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என்னம்மா, பிள்ளை இப்படி வத்தலா இருக்கு? தாய்ப்பால் பத்தலை போல. ரெண்டு போத்தல் பால்மாவு கரைச்சுக் கொடுத்துப் பாரேன்!"

இந்த வார்த்தையைக் கேட்காத இளந்தாய் நம்மிடையே ஒருவர்கூட இருக்க மாட்டார். சொல்கிறவர் பாட்டியாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். அன்பினால்தான் சொல்கிறார்கள். கொழுகொழு என்று இருப்பதுதான் ஆரோக்கியம் என்பது நம் மனத்தில் ஊறிப்போன எண்ணம். பஞ்சத்தையும் பசியையும் கண்டு வந்த தலைமுறைகள் விட்டுச் சென்ற எண்ணம் அது. அதைக் குறைசொல்ல நான் இங்கே வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பால்குடிக்கும் வயதில் கொடுக்கப்படும் கூடுதல் உணவு எங்கே போகிறது? எலும்பாக மாறுகிறதா, தசையாக மாறுகிறதா, கொழுப்பாக மாறுகிறதா? அது அந்த வயதோடு முடிந்துவிடுகிறதா, வளர்ந்த பிறகும் தொடர்கிறதா?

குழந்தைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்திற்கு அளவுக்கு மீறியும் மற்றொரு கூட்டத்திற்கு அரை வயிற்றுக்கும் கொடுத்துச் சோதித்துப் பார்க்க எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். சம்மதிக்கவும் கூடாது. அதனால்தான் அறிவியலாளர்கள் விலங்குகளிடம் சென்றார்கள். எலி, குரங்கு, கன்றுக்குட்டி, நாய்க்குட்டி ஆகியவை சொன்ன பதிலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

மூன்று குட்டியும் இருபது குட்டியும்

முதலில் எலியைப் பார்ப்போம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மெக்கன்ஸ் என்ற மருத்துவரும் எல்சி விட்டோசன் என்ற பெண் அறிவியலாளரும் பல்லாண்டுகள் இணைந்து உழைத்தார்கள். எந்த உணவில் என்ன சத்து என்று கூறும் புகழ்பெற்ற அட்டவணையை 1940-இல் வெளியிட்டவர்கள் இவர்கள்தாம்.

1960-ஆம் ஆண்டையொட்டி இவர்கள் செய்த ஒரு சோதனை மிகவும் எளிமையானது. ஒரே நேரத்தில் பிறந்த எலிக்குட்டிகளைக் கலந்து, ஒரு தாய்க்கு 3 குட்டிகளையும் இன்னொரு தாய்க்கு 15 முதல் 20 குட்டிகளையும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். மூன்றே குட்டிகள் இருந்த இடத்தில் பால் வெள்ளமாகக் கிடைத்தது. கூட்டம் நிறைந்த இடத்தில் போட்டி போட்டுக் குடிக்க வேண்டியிருந்தது. 21 நாளில் பால் மறக்கும் நேரம் வந்தபோது, பால் நிறையக் குடித்த குட்டிகள் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் எடை இருந்தன.

அதன் பிறகு எல்லாக் குட்டிகளுக்கும் வேண்டிய மட்டும் தீனி கொடுக்கப்பட்டது. சிறிய குட்டிகள் தின்று தின்று பெரியவற்றை எட்டிப் பிடித்தனவா? இல்லை. அந்த வேறுபாடு ஆயுள் முழுவதும் நீடித்தது.

இவர்கள் 1963-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் தெளிவாக இருந்தது. மூன்றாவது வாரம் முதல் ஆறாவது வாரம் வரை பட்டினி கிடந்த எலிகள், பிறகு எவ்வளவு தின்றும் சிறியவையாகவே நின்றுவிட்டன. ஒன்பதாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை அதே பட்டினியை அனுபவித்தவையோ பின்னர் தேறிவிட்டன. பட்டினி ஒன்றுதான், வயதுதான் வேறு. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நம் முன்னோர் சொன்னது எலிக்கும் பொருந்துகிறது.

கொழுப்பு உயிரணுக்களின் கதை

எடை கூடியது சரி, அந்த எடையில் கொழுப்பு எவ்வளவு? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் நியூயார்க்கில் இருந்த நிட்டில், ஹிர்ஷ் என்ற இருவர். 1968-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு தாய்க்கு 4 குட்டிகள், இன்னொரு தாய்க்கு 22 குட்டிகள். 20 வாரம் ஆனபோது கொழுப்புத் திசுவை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். நெருக்கடியில் வளர்ந்த எலிகளின் கொழுப்பு உயிரணுக்கள் எண்ணிக்கையிலும் குறைவு, அளவிலும் சிறியவை. தாராளமாகப் பால் குடித்தவற்றுக்கு இரண்டுமே அதிகம்.

இந்த முடிவு வெளியானதும் உலகெங்கும் ஒரு கருத்து பரவியது. குழந்தைப் பருவத்தில் கொழுப்பு உயிரணுக்கள் பெருகிவிட்டால் அவ்வளவுதான், பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் பருமனாகத்தான் இருப்பார் என்று பலர் பேசத் தொடங்கினார்கள். ஆனால் அறிவியல் அங்கேயே நின்றுவிடவில்லை. வளர்ந்த எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனியைத் தொடர்ந்து கொடுத்தபோது, அந்த வயதிலும் புதிய கொழுப்பு உயிரணுக்கள் தோன்றுவதை 1970-களின் பிற்பகுதியில் கண்டார்கள். ஆகவே குழந்தைப் பருவம் முழு விதியையும் எழுதிவிடுவதில்லை. ஆனால் முதல் வரியை அது எழுதுகிறது.

உயிரணு எண்ணிக்கையோடு விஷயம் முடியவில்லை. பசியும் நிறைவும் மூளையில் உணரப்படுகின்றன. எலிக்கும் சுண்டெலிக்கும் அந்த நரம்புப் பாதைகள் பிறந்த முதல் இரண்டு வாரங்களில்தான் பின்னப்படுகின்றன. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் அந்தப் பின்னலுக்கு வழிகாட்டுகிறது என்று 2004-இல் கண்டறியப்பட்டது. மிகையாகப் பால் குடித்த குட்டிகள் வளர்ந்த பிறகும் அதிகமாகத் தின்பதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனிதனுக்கு இந்தப் பாதைகள் பெரும்பகுதி கருவறையிலேயே உருவாகிவிடுகின்றன. ஆகவே எலியின் கணக்கை அப்படியே நம் பிள்ளைக்குப் போடக் கூடாது.

போத்தலில் பால் குடித்த பபூன் குரங்குகள்

"எலி எங்கே, மனிதன் எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் நமக்கு நெருங்கிய உறவான குரங்கிடம் வருவோம்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் அந்தோனியோ நகரில் பபூன் குரங்குக் குட்டிகளைப் பிறந்தது முதல் ஏறக்குறைய நான்கு மாதம் வரை போத்தல் பாலில் வளர்த்தார்கள். மூன்று கூட்டம். ஒன்றிற்குச் சரியான அளவில் கரைத்த பால். இன்னொன்றிற்கு நீர்த்த பால். மூன்றாவதற்குக் கெட்டியாகக் கரைத்து, கலோரி கூட்டிய பால். பால் மறந்த பிறகு மூன்று கூட்டத்திற்கும் ஒரே உணவு.

1986-இல் வெளியான முடிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. குட்டிகள் வளர்ந்து வந்த முதல் சில ஆண்டுகளில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் பருவ வயது வந்தபோது வேறுபாடு தலைகாட்டியது. ஐந்து வயதில், கெட்டிப்பால் குடித்து வளர்ந்த பெண் குரங்குகளின் உடலில் கொழுப்பு மிகவும் கூடுதலாக இருந்தது. ஆண் குரங்குகளிலும் சில இடங்களில் கூடுதல் இருந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. இங்கே உயிரணுக்களின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொன்றும் பருத்துப் போயிருந்ததே முக்கியக் காரணம். நீர்த்த பால் குடித்தவையோ, சாதாரணமாக வளர்ந்தவற்றிலிருந்து வேறுபடவில்லை.

நான்கு மாதம் கொடுத்த பால் ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்குக் கேட்கிறது! இதில் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் குட்டிகளுக்குப் பாலைக் கெட்டியாக்கித்தான் கூடுதல் உணவு கொடுத்தார்கள். நம் வீடுகளில், "பிள்ளைக்கு வயிறு நிறையட்டும்" என்று பால்மாவை ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறோமே, ஏறக்குறைய அதே வேலைதான் அது.

கன்றுக்குட்டி கற்றுத்தரும் பாடம்

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்படியானால் சின்ன வயதில் குறைவாகக் கொடுப்பதுதான் நல்லதா?" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மாட்டுத் தொழுவத்திற்கு வாருங்கள்.

பண்ணைகளில் கன்றுக்குத் தினமும் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் கொடுப்பது நெடுங்கால வழக்கம். 40 கிலோ கன்றுக்கு 4 லிட்டர். ஆனால் கன்றைத் தன் விருப்பத்திற்குக் குடிக்க விட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும். பாலை மிச்சம் பிடித்து விற்கலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2012-இல் காட்டினார்கள். பால் மறப்பதற்கு முன் கன்றின் அன்றாட எடை உயர்வு ஒரு கிலோ கூடினால், அது வளர்ந்து முதல் ஈற்றில் கறக்கும் பால் சராசரியாக 850 கிலோ கூடுகிறது என்பது அவர்கள் கண்ட விகிதம். நடைமுறையில் ஒரு கிலோ வேறுபாடு வராது, 200 கிராம் வரலாம். அப்படியானாலும் 170 கிலோ பால் கூடுதல். கன்றுக்கு ஊட்டிய பால் கறவையில் திரும்பி வருகிறது.

ஆனால் அதே கன்று பால் மறந்து, கிடாரியாகும் முன் உள்ள மாதங்களில் தானியத் தீவனத்தை மிகையாகத் தின்று வேகமாகக் கொழுத்தால் என்ன ஆகிறது தெரியுமா? மடியில் பால் சுரக்கும் திசு வளர வேண்டிய காலம் அது. அந்தத் திசு குறைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. 1982-இல் வெளியான ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கும், மடியும் பெருத்திருக்கும். கறந்தால் பால் குறைவு.

பாருங்கள், ஒரே விலங்கு. ஒரு பருவத்தில் தாராளம் நன்மை செய்கிறது. சில மாதம் தள்ளி, வேறு உணவில் அதே தாராளம் தீமை செய்கிறது. ஆகவே கூடுதல் தீனி நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, எப்போது, எதை, எவ்வளவு என்று கேட்பதுதான் பொருத்தம்.

பன்றிப் பண்ணையிலும் இதே போன்ற ஒன்றைக் காணலாம். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் மிகச் சிறியதற்குத் தசை நார்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கும். அந்த எண்ணிக்கை பிறக்கும் முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அந்தக் குட்டியை மற்றவற்றின் எடைக்குக் கொண்டுவந்தாலும், அந்த எடையில் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. தராசு ஒரே எடையைக் காட்டலாம். உடம்பு ஒன்றல்ல.

எட்டிப் பிடிக்கும் வளர்ச்சியின் விலை

2004-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஒசான், ஹேல்ஸ் ஆகிய இருவர் ஆண் சுண்டெலிகளை வைத்து ஆயுளையே அளந்தார்கள். கருவில் இருந்தபோது தாய்க்குப் புரதம் குறைவாகக் கிடைத்ததால் சிறியவையாகப் பிறந்த குட்டிகள், பிறந்த பின் நல்ல பால் குடித்து வேகமாக மற்றவற்றை எட்டிப் பிடித்தன. அவைதான் சீக்கிரம் மடிந்தன. கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனி கொடுத்தபோது அவற்றின் ஆயுள் மேலும் குறைந்தது. மாறாக, நல்ல எடையோடு பிறந்து, பால்குடிப் பருவத்தில் மெதுவாக வளர்ந்தவை நீண்ட காலம் வாழ்ந்தன.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்க்குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, எட்டு வாரம் முதல் ஆயுள் முழுவதும் ஒன்றிற்கு முழு உணவும் மற்றொன்றிற்கு 25 விழுக்காடு குறைவாகவும் கொடுத்தார்கள். 2002-இல் வெளியான முடிவின்படி முழு உணவு உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, அளவாக உண்டவற்றுக்கு 13 ஆண்டு. இடுப்பு மூட்டுக் கோளாறும் அளவாக உண்டவற்றில் குறைவு. இது ஆயுள் முழுவதற்குமான கட்டுப்பாடு என்பதால், முழுப் பெருமையையும் குட்டிப் பருவத்திற்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் கிரேட் டேன் போன்ற பெரிய இன நாய்க்குட்டிகளை வயிறு முட்டத் தின்ன விட்டால் எலும்பு வளர்ச்சியே கோணலாகிப் போகிறது என்பது 1974-இலேயே தெரிந்துவிட்ட உண்மை. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது இதுதான்.

நம் பிள்ளைகளுக்கு என்ன சேதி?

விலங்கைவிட்டு மனிதனுக்கு வருவோம். பெல்ஜியம், ஜெர்மனி, இத்தாலி, போலந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் பால்மாவு குடித்த குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவின் பால்மாவில் புரதம் அதிகம், மற்றதில் குறைவு. இரண்டுமே அன்றைய விதிமுறைக்கு உட்பட்டவைதாம். 2014-இல் வெளியான முடிவில், ஆறு வயதில் அளவு மீறிப் பருத்திருந்தவர்கள் புரதம் அதிகம் குடித்தவர்களில் 10 விழுக்காடு, குறைவாகக் குடித்தவர்களில் 4.4 விழுக்காடு. குரங்கு சொன்னதைத் குழந்தைகளும் ஓரளவு உறுதிப்படுத்துகிறார்கள்.

நம் மண்ணிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1930-களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றினார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின்பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும்படி தாய்மார்கள் தூண்டப்படுவதையும், அதனால் குழந்தைகள் நலிந்து மடிவதையும் கண்டு மனம் கொதித்தார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. சர்க்கரை மிகுந்து சத்துக் குறைந்த அந்தப் பாலும் 'கூடுதல் உணவு' என்ற பெயரில்தான் வீட்டுக்குள் வந்தது.

பிற்காலத்து நிலை என்ன? மலேசியாவில் 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்களாக அல்லது உடல் பருமன் கொண்டவர்களாக இருந்தார்கள். அதே ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றியிருந்தார்கள். ஒரே நாட்டில், சில வேளை ஒரே வீட்டில், ஒரு பக்கம் குறைவு, ஒரு பக்கம் மிகை. குன்றிய பிள்ளைக்குச் சத்துணவு தராமல் விடுவது பாவம். நன்றாக வளரும் பிள்ளையைக் கொழுக்க வைப்பது அவனுக்குச் செய்யும் உதவி அல்ல.

ஆகவே பெற்றோர்களுக்குச் சில வேண்டுகோள்.

முதலாவது, குழந்தை மெலிந்திருக்கிறதா என்பதை வந்து போகிறவர்களின் கண் முடிவு செய்யக் கூடாது. கிளினிக்கில் கொடுக்கும் குழந்தை நலப் புத்தகத்தில் வளர்ச்சிக் கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை ஒட்டிக் குழந்தை வளர்ந்து வந்தால், மெலிவாகத் தெரிந்தாலும் கவலை வேண்டாம். எடையோடு உயரத்தையும் பாருங்கள். கோடு சரிந்து போனாலும், திடீரென்று மேலே தாவினாலும், தாதியிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள்.

இரண்டாவது, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு தாய்ப்பாலோடு மற்ற உணவு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை வயிறு நிறைந்ததும் தானே வாயை எடுத்துவிடும். போத்தலில் மிச்சம் இருக்கிறதே என்று நாம்தான் வற்புறுத்துகிறோம். பிள்ளை முகத்தைத் திருப்பினால் போத்தலைக் கீழே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, பால்மாவு கொடுக்க வேண்டிய சூழ்நிலை பல தாய்மார்களுக்கு உண்டு. அதில் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் டின்னில் எழுதியிருக்கும் அளவை மீற வேண்டாம். கரண்டியைத் தலைதட்டி அளந்து போடுங்கள். கெட்டியாக்கவும் வேண்டாம், மிச்சம் பிடிப்பதற்காக நீர்க்க விடவும் வேண்டாம்.

நான்காவது, குறை மாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்து பிறந்த குழந்தை, நோயுற்ற குழந்தை ஆகியவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் கூடுதல் ஊட்டம் மருந்துக்குச் சமம். அதனால் மூளை வளர்கிறது, உயிர் பிழைக்கிறது. மருத்துவர் கொடுக்கச் சொன்னதை, இன்று நான் பேசிய எலிக்கதையைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆபத்தை எண்ணித்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஐந்தாவது, குழந்தைப் பருவத்தில் பருத்துவிட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் மனம் தளர வேண்டாம். உடம்பு முதல் வரியோடு முடிந்துவிடுகிற ஏடு அன்று. மைலோவிலும் தேநீரிலும் சீனியைக் குறைத்து, மாலையில் திடலில் ஓடி விளையாட விட்டால், உயரம் கூடக் கூட எடை தானே சமநிலைக்கு வர வாய்ப்புண்டு. வளரும் பிள்ளையைப் பட்டினி போடத் தேவையில்லை.

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் மருந்தைவிட உணவின் அளவைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறார். பசித்த வயிற்றுக்குக் கொடுப்பது அன்பு. நிறைந்த வயிறு வேண்டாம் என்று சொல்லும்போது அதைக் காது கொடுத்துக் கேட்பதும் அன்புதான். இனி குழந்தை பார்க்கப் போகும் வீட்டில், "ஏன் மெலிஞ்சிருக்கு?" என்று கேட்காமல், "நல்லா விளையாடுறானா? நல்லாத் தூங்குறானா? நீ சாப்பிட்டியாம்மா?" என்று அந்தத் தாயைக் கேளுங்கள்.